இன்னும் ஆறு கிளாம்ப்

"நல்லா அழுத்திப் பிடி. நான் மாட்டிக்கிறேன்."

வெல்டரின் மனைவி தோளைக் கொடுத்துத் தகட்டை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். வீட்டை ஒட்டிய பட்டறையில் நின்ற ஒரு பழைய காரின் பின்பக்க மட்கார்டு அது. துருப்பிடித்துச் சல்லடையாகிப்போன பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, அதே வளைவில் புதுத் தகட்டைத் தட்டித் தட்டி எடுக்க அவருக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது. விளிம்பு முழுக்கக் கறுப்பாகப் பசை தடவியாயிற்று. இரண்டு குழாயில் தனித்தனியாக வருவதை ஒன்றாகக் கலந்த நொடியிலிருந்து நாற்பது நிமிஷம்தான் அந்தப் பசைக்கு ஆயுள். அதற்குள் தகட்டைக் கோடு பிசகாமல் உட்கார வைத்து, சுற்றிலும் கிளாம்ப் மாட்டித் திருகி இறுக்கிவிட வேண்டும். தவறினால் கோணலாகவே பிடித்துக்கொள்ளும். அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பதினோரு நாளும் குப்பைக்குப் போகும்.

தெருவே வெல்டர் என்று கூப்பிட்டாலும் அவர் வெல்டிங் செய்து ஆறு வருஷம் ஆகிறது. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியை நெஞ்சில் வைத்த அன்றே, வெல்டிங் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்த் தகட்டை ஒட்டவும் பசை இருக்கிறதென்று யாரோ சொல்லக் கேட்டு, அரை மனசாக வாங்கிவந்து பார்த்தார். பிடித்துக்கொண்டது. "நெருப்புல பொழச்சவன், இப்போ கோந்து தடவிப் பொழைக்கிறேன்" என்று தன்னையே கேலி செய்துகொள்வார்.

ஆனால் பசை வேலைக்கு இரண்டு கை போதாது. நாலு வேண்டும். அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒத்தாசைக்கு வந்தவள், நாளாக நாளாக வேலையில் அவரைவிடக் கறாராகிவிட்டாள். தகடு ஒரு நூல் விலகினாலும் அவள் கண்ணில்தான் முதலில் படும். "மேஸ்திரி நானா, நீயா?" என்பார். "நீங்கதான். ஆனா அந்த ஓரத்தைக் கழட்டி மறுபடி மாட்டுங்க" என்பாள்.

பதினாறு கிளாம்ப் மாட்டியாயிற்று. பதினேழாவதைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஒரு மாதிரி இருக்கு."

"என்ன ஒரு மாதிரி?"

"நெஞ்சு அடைக்கிற மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

அவள் அப்போது அவர் முகத்தைப் பார்த்தாளா? பிறகு எத்தனை முறை யோசித்தும் அவளுக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்த வருஷத்திலேயே இப்படி மூன்று முறை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மூன்று முறையும் வெறும் வாயு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கடைசி முறை வீடு வரும்வரை பஸ்ஸில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"இன்னும் ஆறு கிளாம்ப்தாங்க. முடிச்சுட்டே போயிடலாம். விட்டா எல்லாம் வீணாப் போயிடும்."

அவர் "ம்" என்றார். மாட்டினார். பத்தொன்பதாவதின் திருகை அவரால் இறுக்க முடியவில்லை. தோளால் தகட்டைத் தாங்கியபடியே அவள் எட்டி இறுக்கினாள். மீதி மூன்றையும் அவளே மாட்டினாள். கடைசித் திருகைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஆச்சுங்க. வாங்க, போலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை.

எதிர்ப் பட்டறை லேத்துக்காரர்தான் ஓடிவந்து தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். சிறிது நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் நின்ற நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மீதியை அவர் சொல்லாமலே அவள் கேட்டுவிட்டாள்.

லேத்துக்காரர் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, முடியலைன்னு முன்னாடியே ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. போலாம் வாங்கன்னு நான் கூப்பிட்டேன். முடிச்சுட்டுத்தான் வருவேன்னுட்டாரு."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

"அவன் அப்படித்தான். வேலைன்னு வந்துட்டா ஒத்தைக்கால்ல நிப்பான்" என்றார் லேத்துக்காரர்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவிவிட்டது. வீட்டுக்குள் வந்த ஒவ்வொருவரும் அதையே அவளிடம் திருப்பிச் சொன்னார்கள். காரின் சொந்தக்காரரான பல் டாக்டர் கூடத்து வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். "என் காருக்காக உசிரையே குடுத்துட்டாரேம்மா. அப்படி என்ன அவசரம்? நான் எப்பவாவது அவசரப்படுத்தினேனா?" அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் எழுந்து அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மகள் மறுநாள் காலை வந்து சேர்ந்தாள். வெளியூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பாவுக்குக் கருவி வைத்தபோது கூடவே இருந்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் அவள்தான். நடந்ததையெல்லாம் லேத்துக்காரர் போனிலேயே சொல்லியிருந்தார். வந்தவள் பையை இறக்கி வைத்தாள். கூடத்தின் ஓரத்தில் நின்று அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். கிட்டப் போகவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"ஒரு தடவை கிட்ட வந்து பாரும்மா" என்றாள் அம்மா.

"பாத்து? நெஞ்சுல சின்னதா என்னவோன்னாலும் போட்டதைப் போட்டபடி ஓடணும்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொன்னேன்! சரி சரின்னு தலையை மட்டும் ஆட்டுவாரு. கடைசில நம்ம ரெண்டு பேரைவிட ஒரு தகரம் பெருசாப் போச்சு அவருக்கு."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்லணும்? நீ கூப்பிட்டும் வரலைல்ல அந்த மனுஷன்?"

சுடுகாட்டு வண்டி பதினோரு மணிக்கு வரும் என்றிருந்தார்கள். அம்மா கூடத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள். கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள். மகள் அசையவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. லேத்துக்காரர் எட்டிப் பார்த்து, "வாம்மா, தூக்கப்போறோம்" என்றார்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க மாமா. நான் வரலை."

அவர் திகைத்துப்போய் நின்றார். வெல்டரின் மனைவி அடுப்படிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின்மேலேயே முதுகைக் கொடுத்துக்கொண்டாள்.

"அப்பாதான் கூப்பிட்டாரு."

"என்ன?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமான்னு அவருதான் கேட்டாரு. நான்தான்... இன்னும் ஆறுதான் இருக்கு, முடிச்சுட்டுப் போலாம்னேன்."

மகள் அவளையே பார்த்தாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"பதினெட்டு நிமிஷம்."

"அவ்வளவு சரியா எப்படித் தெரியும்?"

"கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதானே இருந்தேன். பசை இறுகிடக் கூடாதேன்னு."

"அப்புறம் ஏன் மாமாகிட்ட மாத்திச் சொன்னே?"

"தெரியலையேம்மா. வாயில வந்துடுச்சு."

அடிப்பாள் என்று நினைத்தாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்றும் நினைத்தாள். மகள் இரண்டும் செய்யவில்லை. அவளை விலக்கிக் கதவைத் திறந்துகொண்டு போனாள். பிறகு கூடத்திலிருந்து "அப்பா!" என்று ஒரு அலறல். "உன்னைப் போய்த் திட்டிட்டேனேப்பா! உன்னைப் போய்..." சுற்றியிருந்தவர்கள், அப்பாமேல் உள்ள பாசம், வேறென்ன என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுப்படியில் அவள் மட்டும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். அவளுக்குக் கூடத்துக்குப் போகும் தைரியம் வரவில்லை.

எல்லாம் முடித்துவிட்டு மகளும் மற்றவர்களும் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பல் டாக்டர் விடைபெறும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா பெரிய பிடிவாதக்காரரும்மா."

மகள் தலை நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா பிடிவாதக்காரர் இல்ல சார்" என்றாள் மகள்.

அம்மா அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். டாக்டரும் காத்திருந்தார். மகள் அவர் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒவ்வொருவராகப் போனார்கள். நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அவள் அதன் மூலையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மகள் குளித்துவிட்டு வந்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்:

"பிரஷர் மாத்திரை போட்டியா?"

இல்லை என்று தலையசைத்தாள். நேற்றும் போடவில்லை.

மகள் அலமாரியைக் குடைந்து அட்டையைத் தேடி எடுத்து வந்தாள். ஒன்றைப் பிதுக்கி, விரல் படாமல் அவள் உள்ளங்கையில் போட்டாள். ஒரு கணம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவரவில்லை.

அவளும் கேட்கவில்லை. வெறும் வாயில் போட்டு, இரண்டு முறை முயன்று, விழுங்கினாள்.