ஏறுகிற வண்டிக்கு வழி

பின்னால் மறுபடியும் ஹாரன்.

தரணிதரன் அசையவில்லை. முன்னால் மண் சரிந்து சாலை ஒற்றை வழியாகிவிட்டிருந்தது. கீழேயிருந்து ஒரு உர லாரி முனகிக்கொண்டு ஏறியது. இறங்குகிற வண்டி நின்றுதான் ஆக வேண்டும். மலைச் சாலையின் முதல் பாடம் அது.

ஹாரன் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தான். மச்சான் பிரசாத்தின் புத்தம் புது வெள்ளைக் கார், தரணியின் பிக்கப் வேனின் முதுகில் ஏறிவிடுவது போல ஒட்டி நின்றது. முன் சீட்டில் தரணியின் மனைவி ஷண்முகப்ரியா. பின் சீட்டில் மகள் சரிதா.

பிக்கப்பில் ஒரு வீடே இருந்தது. பீரோ, கட்டில், கேஸ் அடுப்பு, சரிதாவின் சைக்கிள். கடைசியில் இடம் போதாமல் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைத் தார்ப்பாயில் சுற்றிப் பின் கதவுக்கு வெளியே கட்டியிருந்தான்.

மேட்டுப்பாளையத்தில் இந்தப் பிக்கப்பை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் காத்திருந்தான். அவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. சாமான் லாரியில் ஏறும். குடும்பம் காரில் ஏறும். அப்புறம் சென்னை.

தரணிக்குப் போக இஷ்டமில்லை. துளிகூட இல்லை.

சென்னையில் கால்டாக்சி ஓட்டியவன். செல்போன் திரையில் ஓடும் நிமிடங்களோடு தினமும் ஓட்டப் பந்தயம். ஒரு விடியற்காலை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். கண் விழித்தபோது லாரியின் சிவப்பு விளக்கு முகத்துக்கு நேரே! மயிரிழையில் தப்பினான். அந்த மாதமே டாக்சியை விற்றான். பழைய பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டு குன்னூருக்கு வந்துவிட்டான்.

சின்னத் தோட்டக்காரர்களின் பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்கு ஏற்றிப்போகும் வேலை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு. மகளோடு உட்கார்ந்து சாப்பாடு. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மலையேறும்போது ஷண்முகப்ரியாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். "உனக்குப் புடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு. எறங்கிடலாம்."

ஆடி மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, சுவரெல்லாம் பூஞ்சை. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அண்ணன் பிரசாத் வந்து இறங்கினான்.

"ஏன் மாப்ளே, ஒரு நாளைக்கு நாலு நடை. அதுவும் உருட்டிக்கிட்டு. இது பொழப்பா? என் டிராவல்ஸ்ல வந்து உக்காரு."

"இங்க இப்படித்தானுங்க ஓட்டணும் மச்சான். ஏறுற வண்டிக்கு நின்னு வழி விடணும்."

"எவன் போட்ட சட்டம்?"

ஷண்முகப்ரியா சிரித்தாள். மறுநாள், "போயிடலாங்க" என்றாள். தரணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாக்கு வாக்குத்தான்.

இன்று காலை வீட்டுக்கார அம்மா தபித்தாள் டீச்சர் சாவியைக் கையில் வாங்க மறுத்துவிட்டார். "கீழ போய்ச் சேர்ந்துட்டு கூரியர்ல அனுப்புங்க. இப்ப வாங்க மனசு வரலைங்க."

பிரசாத்தின் கவலை வேறு. "சர்க்கஸ் கூடாரம் மாதிரி மெத்தையைத் தொங்கவிட்டுக்கிட்டு! கழட்டி எறி மாப்ளே. மானம் போகுது."

"என் மெத்தையைத் தொடாதண்ணா!" என்றாள் ஷண்முகப்ரியா.

லாரி கடந்து போனது. தரணி இரண்டாவது கியரில் இறங்கத் தொடங்கினான். தூறல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் வந்த காரின் பிரேக் விளக்கு பாறையின் ஈரத்தில் சிவப்பாக மின்னியது. அணையவே இல்லை. கியரைத் தொடாமல், பிரேக்கை மட்டும் மிதித்தே இறங்குகிறான் பிரசாத்.

சிறிது தூரத்தில் அந்த வாசம் வந்தது. கருகல் வாசம்.

கண்ணாடியில், காரின் முன் சக்கரங்களிலிருந்து புகை. போன் அடித்தது.

"ஏங்க... பிரேக் புடிக்கலைங்க! மிதிச்சா தரை வரைக்கும் போகுது!" ஷண்முகப்ரியாவின் குரல் கிழிந்தது. அவளுக்குப் பக்கத்திலிருந்து பிரசாத்தின் அலறல். "ஒதுங்கு மாப்ளே! நான் முந்திப் போறேன்!"

முந்தி எங்கே போவான்? அடுத்தது கொண்டை ஊசி வளைவு. அதற்குக் கீழே ஒரு பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"மச்சானை லோ கியர் போடச் சொல்லு, பிரியா!"

"தெரியலைங்கறாருங்க! பிரேக்கையே மிதிச்சுட்டு இருக்காரு!"

"அப்ப ஸ்டியரிங்கை மட்டும் நேரா புடிக்கச் சொல்லு. வந்து மெத்தையில முட்டட்டும்."

"என்னது?"

"மெத்தையில முட்டச் சொல்லு! நான் இருக்கேன்!"

தரணி எல்லோரும் செய்வதற்கு நேர்மாறாகச் செய்தான். பிரேக்கை விட்டான். மூன்றாவது கியர். வேகம் கூட்டினான். காரின் வேகமும் பிக்கப்பின் வேகமும் ஒன்றாக வர வேண்டும். இல்லாவிட்டால் மெத்தை மட்டுமல்ல, பீரோவும் நொறுங்கும். கார் நெருங்கியது. இன்னும். இன்னும்...

பொத்!

முதுகில் யாரோ தலையணையால் அடித்தது போலிருந்தது. சரிதாவின் சைக்கிள் மணி தானாக அடித்தது.

இரண்டாவது கியர்! எஞ்சின் ஊளையிட்டது. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தான். பின்னாலிருந்து ஒரு முழுக் காரின் பாரம் தள்ளியது. பிக்கப் வழுக்கியது, பிடித்தது, மறுபடி வழுக்கியது. முதல் கியர்! வளைவில் பஸ்ஸின் முகம் தெரிந்தது. கண்டக்டரின் விசில். கடைசியாக ஒரே மிதி.

நின்றது.

பஸ்ஸுக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அவ்வளவுதான்.

பஸ் டிரைவர் மனுவேல் எட்டிப் பார்த்தார். தினமும் இதே சாலையில் தரணி வழி விடுவது அவருக்குத்தான். "ஏனுங்க தரணி, எறங்குற வண்டி நிக்கணும்தான். அதுக்காக இப்படிப் பேயாட்டம் வந்தா நிக்கறது?" என்றவர், பின்னால் புகைந்த காரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு குதித்து இறங்கினார். கண்டக்டர் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சக்கரத்துக்கு அடை வைத்தார்.

சரிதா ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஷண்முகப்ரியா மெதுவாக வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"சென்னையில நீங்க வர்ற வரைக்கும் போனையே பார்த்துட்டு உக்காந்திருப்பேன். எங்க அடிபட்டுக் கெடக்கறீங்களோன்னு வயித்துக்குள்ள ஒரு நடுக்கம் இருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இங்க வந்ததுல இருந்து அது இல்லைங்க. இல்லைங்கறதே எனக்குத் தெரியல. இன்னிக்கு அந்தக் கார்ல உக்காந்தப்ப திரும்பி வந்துச்சு பாருங்க... துணி காயாட்டி போகுது. வண்டியைத் திருப்புங்க."

"நெசமாவா சொல்ற?"

"ரெண்டாவது தடவை சொல்ல வைக்காதீங்க."

தரணி போனை எடுத்தான். மேட்டுப்பாளையத்து ஆளிடம் நான்கே சொற்கள் பேசினான். "வண்டி விக்கறதுக்கு இல்லைங்க அண்ணா." சட்டைப் பையைத் தடவினான். வீட்டுச் சாவி பத்திரமாக இருந்தது.

மனுவேல் கை காட்ட, அகலமான வளைவிலேயே பிக்கப்பைத் திருப்பினான். கார் ஓரமாக நின்றது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம். முன்னால் மூன்று பேர் உட்கார்ந்தாயிற்று. பிரசாத்துக்குப் பின்னால்தான் இடம். சப்பிப்போன மெத்தைகளைப் பிரித்து மேலே போட்டு, பீரோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மண் சரிந்த இடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஊட்டி பார்த்துவிட்டு இறங்கும் கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதல் கார் ஒற்றை வழிக்குள் மூக்கை நுழைத்தது. ஹாரன் அடித்தது. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது.

தரணி நிறுத்தவில்லை. இரண்டாவது கியரில், நிதானமாக ஏறினான்.

பின்னால், மெத்தையின் மேல் ஒரு உருவம் எழுந்து நின்றது. பிரசாத்! ஒரு கையால் பீரோவைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வீசிக் கத்தினான்.

"யோவ்! மலையில வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா? ஏறுற வண்டிக்குத்தான்யா வழி! பின்னால போ!"

வரிசை முழுவதும் பின்வாங்கி ஒதுங்கியது.