லெப்டினன்ட் அனுப்பிய ரம்பங்கள்

ஈலிசின் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. இந்தச் சாலை கைவிட்டுப் போனால், நாலு கிலோமீட்டர் பின்னால் இருக்கிற தன் வீட்டை அவனே கொளுத்திவிட்டுப் பின்வாங்க வேண்டும். ரஷ்யர்களுக்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது என்று உத்தரவு. அவன் கையால் கட்டிய வீடு, இரண்டு வருடம்தான் ஆகிறது.

"கொளுத்துறதாவது! மொதல்ல அவன் என்னைத் தாண்டட்டும்" என்று விடிந்ததிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டான்.

பூஜ்ஜியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி. ரொட்டியைக் கோடரியால் பிளந்துதான் தின்றார்கள். சாலையைக் காக்க ஈலிசின் கீழே பத்தொன்பது சிப்பாய்கள், ஒரு இயந்திரத் துப்பாக்கி, அதற்கு இரண்டே தோட்டாப்பட்டை. மதியத்துக்குள் ரஷ்ய வண்டிகள் வந்துவிடும் என்று வேவு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தொலைபேசிக் கம்பியில் எதிரி ஒட்டுக்கேட்பான். அதனால் ஈலிஸ் மறைத்துப் பேசினான்: "லெப்டினன்ட், இங்க மொத்தி கட்டப்போறோம். வேண்டியதை உடனே அனுப்புங்க."

அவர்கள் மொழியில் மொத்தி என்றால் வெட்டி அடுக்கிய விறகு. மரம்வெட்டிகள் இந்தப் போரில் அதற்கு இன்னொரு அர்த்தம் கொடுத்திருந்தார்கள்: எதிரியைச் சுற்றி வளைத்து ஓரிடத்தில் அடைத்துப்போடுவது. முந்தாநாள் ஹெல்சிங்கியிலிருந்து வந்த லெப்டினன்டுக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்?

குதிரைச் சறுக்குவண்டி வந்தது. ஈலிஸ் சாக்கை விலக்கினான். உள்ளே எட்டு ரம்பம், பத்துக் கோடரி.

"தோட்டா எங்கடா?"

"விறகு வெட்ட எதுக்குண்ணே தோட்டா?" என்றான் வண்டிக்காரன் வில்யாமி. "'பசங்க குளிர்ல விறைக்கிறாங்க, ஓடு'ன்னாரே லெப்டினன்ட்!"

"நாசமாப்போச்சு! பட்டணத்தானுக்கு மண்டையில மூளையா, மரத்தூளா?" ஈலிசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ரம்பத்தை எடுத்து வீசப் போனவன், அதன் பல்லைத் தடவிப் பார்த்து நின்றான். நல்ல கூர். அவனோடு இருந்த அத்தனை பேரும் காட்டில் மரம் வெட்டிப் பிழைத்தவர்கள்.

"சரி, விறகுதானே? வெட்டிருவோம். எழுந்திருங்கடா!"

வளைவுக்கு முன்னும் பின்னும் சாலையோரப் பைன் மரங்களை, விரல்கனம் மிச்சம் வைத்து அறுத்தார்கள். வண்டிகள் வந்தன. முதல் டாங்கு வளைவை எட்டியதும் முன்னால் இருந்த மரங்களைத் தள்ளிச் சாய்த்தார்கள். கடைசி லாரி நுழைந்ததும் பின்னால் இருந்தவற்றையும் சாய்த்தார்கள். இருபுறமும் மார்பளவு பனி, வேறு வழி கிடையாது. மரத்தை அகற்ற வந்தவர்களை மட்டும் இயந்திரத் துப்பாக்கி தடுத்தது. இருட்டும்போது எவனும் மரத்தருகே வரவில்லை.

தொலைபேசி அடித்தது. "விறகு போதுமா?" என்றார் லெப்டினன்ட்.

"மொத்தி அடுக்கியாச்சு. உள்ள ரெண்டு டாங்கு, ஒம்பது லாரி."

மறுமுனையில் லெப்டினன்ட் யாரையோ கூப்பிட்டு வண்டி பூட்டச் சொன்னார்.

"தோட்டா... இப்பவே அனுப்புறேன். வீட்டைக் கொளுத்தத் தந்த தீப்பெட்டி?"

"ஒரு குச்சி கொளுத்திட்டேன், லெப்டினன்ட்" என்றான் ஈலிஸ். "காப்பி போட."