கார்டுக்கு வைத்த பொட்டு

என் மகள் துர்காதேவி வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை செய்கிறாள். கட்டாத வீட்டைக் கட்டினது போல கம்ப்யூட்டரில் படம் ஓட்டிக் காட்டுவது அவள் தொழில். இல்லாததை இருப்பது போலக் காட்டுவதற்கு, நான் படித்த மூன்றாம் வகுப்பில் வேறு பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அதைச் சொன்னால் அவள் சோறு போட மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கீழச்சிவல்பட்டி கண்ணம்மை ஆச்சி காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவர் தன் வீட்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதிக்கப் போகிறார். எந்தப் பூ, எந்த நிறம் என்று படத்தில் பார்த்து முடிவு சொல்லிவிட்டு, அப்படியே மலேசியாவுக்கு விமானம் ஏற வேண்டும். பிடித்தால் வேலை துர்காவுக்கு. இல்லையென்றால் மதுரையில் ஒரு கம்பெனிக்கு. அவள் தனியாகப் பிடித்த முதல் வேலை இது.

படமோ ஓடவில்லை. வாசலைத் தாண்டி, தூண் வைத்த நடுமுற்றமான வளவுக்குள் போவதற்குள் மூன்று தடவை நின்றது. அதற்குப் பிறகு நகரவே இல்லை.

"கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்ப்பா. அதுக்குப் பவர் சப்ளையும் பத்தாது" என்றாள்.

"சப்ளைக்கு என்ன? ஃபேன் சுத்துது, லைட் எரியுது."

"அந்தச் சப்ளை இல்லப்பா. கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு கொடுக்க ஒரு பெட்டி இருக்கு."

அந்தப் பெட்டியிலும் கார்டிலும் புதுசைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் ஒரு மணிக்கு மரிய ஜெரால்டு வந்தான். கழனிவாசல் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். ஆள் சிரித்த முகம். எனக்குச் சிரித்த முகத்துக்காரன் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. நாற்காலியைத் தூக்கி அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"என்னய்யா, காவலா?" என்றான்.

"ஆமா. ஏப்பா, பழசு நானூத்தம்பது வாட்டு, புதுசு அறுநூத்தம்பதுங்கிறா. எதுக்கு இம்புட்டு?"

"ஐயா, மூணு குதிரை மோட்டாருக்கு இழுத்த வயர்ல ஏழரை குதிரைய மாட்டினா என்னாகும்?"

"வயரு கருகிப் போகும்."

"அதேதான்."

இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? கழற்றின பழைய பெட்டியை மட்டும் வாங்கி என் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பழசு இருக்கிறதே, அது கண்ணை விட்டு மறைந்தால் திரும்பாது.

அவன் வண்டியிலிருந்து வேறு ஸ்குரூ டிரைவர் எடுக்கப் போனான். துர்கா போனில் இருந்தாள். நான் கார்டை அதன் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். யாரோ ஓட்டிக் கழித்ததைத் துடைத்துக் கொடுத்திருக்கிறானா என்று பார்க்கத்தான் எடுத்தேன். கீறல் இல்லை, தூசி இல்லை. கீழ் விளிம்பில் தங்க வரிசை ஒன்று பளபளவென்று மின்னியது. புதுசுதான் என்று மனசு கொஞ்சம் ஆறியது. புதுசென்றால் வெறுமனே விடலாமா? பூஜை அறையில் காலையில் குழைத்த சந்தனம் ஈரமாகவே இருந்தது. தங்கத்தின் மேல் மூன்று பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். சாமி பெயரைச் சொல்லி அட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டேன்.

ஜெரால்டு வந்தான். புதுக் கரண்டுப் பெட்டியை மாட்டினான். கார்டைத் துர்காவோடு பேசிக்கொண்டே எடுத்து, பேசிக்கொண்டே சொருகினான். பொத்தானை அமுக்கினான்.

உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

வயரைப் பிடுங்கி மாட்டினான். கறுப்பு. துர்கா நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். மணி மூணு.

"நான் அப்பவே நெனச்சேன். கெட்டுப்போன சாமான தலையில கட்டிட்டான்" என்றேன்.

"அப்பா, சும்மா இருங்க!"

"எதுக்கு சும்மா இருக்கணும்? ஏப்பா, இதப் பில்லோட எடுத்துட்டுப் போ."

அவன் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. "என் கடையில ஓட்டிப் பாத்துட்டுத்தான்யா கொண்டாந்தேன்" என்று சொல்லிக்கொண்டே கார்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பார்த்தான். பிறகு மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தான்.

"துர்கா, சந்தனம் மணக்குதும்மா."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமலும் வரவில்லை.

"ஆமா, வச்சேன். வீட்டுக்கு வந்த புதுச் சாமான வெறும் நெத்தியோடவா விடுறது?"

"இது நெத்தி இல்லய்யா, பல்லு! பல்லுல பொட்டு வச்சிருக்கீக. சொருகுற குழிய எப்படிக் கடிக்கும்?" என்றான் ஜெரால்டு. சிரிப்பு திரும்பி வந்துவிட்டது அவனுக்கு.

துர்கா சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு" என்றாள். அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும் எழுந்து போய், நான் சர்க்கரைக்கு ஊசி போடும்போது துடைக்கிற ஸ்பிரிட்டையும் பஞ்சையும் கொண்டுவந்து வைத்தேன். அவன் பல் பல்லாகத் துடைத்தான். சொருகுகிற குழிக்குள்ளும் சந்தனம் ஏறியிருந்தது. அதைப் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும், பிறகு நன்றாகக் காய வேண்டும் என்றான். நான் டார்ச் பிடித்தேன்.

மணி நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வாசலில் கார் நின்றது.

"அப்பா, பத்து நிமிஷம் பேசிக்கிட்டிருங்க" என்று துர்கா என்னை வெளியே தள்ளினாள்.

எனக்குப் பேசத் தெரிந்தது உரம், மோட்டார், வரப்புத் தகராறு. "வாங்க ஆச்சி" என்றேன். உட்கார வைத்து மோர் கொடுத்தேன். பிறகு என்ன பேசுவது?

"படம் ரெடியா?" என்றார் ஆச்சி.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கம்ப்யூட்டரோட பல்லுல நான் சந்தனத்தப் பூசிட்டேன் ஆச்சி. உள்ள கழுவிக்கிட்டிருக்காக."

ஆச்சி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க வீட்டுல புது ஃபிரிட்ஜுக்குள்ள சூடத்தக் கொளுத்தி வச்சாக. நீங்க தேவல."

உள்ளிருந்து ஜெரால்டு, "வந்துருச்சு, வாங்க!" என்று கத்தினான்.

படம் ஓடியது. வாசல், முகப்பு, வளவு என்று வழுக்கிக்கொண்டு போனது. தூணுக்கு நடுவே தரையில் பச்சையும் சிவப்புமாகப் பூக்கள். மேலே இருந்து விழுகிற வெயில்கூடத் தரையில் ஒழுங்காகக் கிடந்தது. காலில் இல்லாத செருப்பைக் கழற்றக் காலைத் தூக்கிவிட்டேன்.

"நில்லு, நில்லு. இந்தப் பச்சை கண்ண உறுத்துது" என்றார் ஆச்சி.

துர்கா எதையோ அமுக்கினாள். வளவு முழுக்கத் தரை ஒரே நொடியில் நீலமானது. ஆச்சி முன்னால் குனிந்து, மூலை மூலையாகப் பார்த்தார்.

"இதுதான். ஆத்தங்குடியில இதையே சொல்லிரு. மேல்மாடியும் நீயே போட்டுக் காட்டு" என்று எழுந்தார். கார் வரைக்கும் நான்தான் கூடப் போனேன்.

"ஒங்க மக கெட்டிக்காரி."

"அவ காதுல விழுற மாதிரிச் சொல்லிராதீக ஆச்சி. அப்பறம் இதவிடப் பெரிய கார்டு கேப்பா."

ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "கேட்டுருச்சுப்பா!"