கெட்டியாக இருந்தால் நல்லதுதானே

1.
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவர் என் அத்தான். தப்பித்தவன் நான். (இதை மூன்றாம் பகுதி வரை மறைத்து வைப்பதாகத் திட்டம். முதல் பத்தியிலேயே உளறிவிட்டேன்.)

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘விடியலின் பொன்னொளியில் அந்தப் பிக்கப் வண்டி ஒரு முரட்டுக் காளையைப் போல...’ வேண்டாம். அது பின்விளக்கு ஒன்று உடைந்த வெள்ளை வண்டி. ஓட்டுவது என் அக்கா. கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்ணாடிப் பலகைகள் கொண்டுபோய் இறக்குவது அவள் தொழில். அத்தான் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வண்டி ஓட்டத் தெரியாது; வண்டியைப் பற்றிப் பேசத் தெரியும்.

2.
அத்தானும் நானும் வீட்டு வாசலிலேயே எஞ்சின் ஆயிலை மாற்றினோம். மறுநாளிலிருந்து காலையில் கிளப்பும்போதெல்லாம் வண்டி கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்த வாரம்தான், மலைமேல் கட்டும் விடுதிக்கு நாற்பது ஜன்னல் கண்ணாடி ஏற்றும் வேலை அக்காவைத் தேடி வந்தது. அவ்வளவு பெரிய வேலை அவளுக்கு அதுவரை வந்ததில்லை. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“இந்தச் சத்தத்தோட ஏறி, பாதி வழியில நின்னுட்டா? நாப்பது கண்ணாடியையும் தலையில சுமப்பேனா?” என்றாள்.

மூவருமாக மெக்கானிக்கிடம் போனோம். நீள ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அதனால் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். கேட்டார். ஆயில் குச்சியை உருவி, விரலில் தொட்டுத் தேய்த்தார்.

“யாரும்மா இதை ஊத்தினது? இது இருபது-அம்பது. உங்க வண்டிக்கு ரொம்பக் கெட்டி. காலைக் குளிர்ல ஆயில் எஞ்சினுக்கு மேலே ஏறவே நேரமாகும். அதான் அடிச்சுக்குது.”

3.
இனி, அந்த ஆயிலை வாங்கிய அன்று கடையில் நடந்தது. அத்தான் கையில் சரியான கேன்தான் இருந்தது.

“மச்சான், வண்டி புக்குல அஞ்சு-முப்பது, ஃபுல் சிந்தெட்டிக்னு போட்டிருக்கு. இதையே எடுத்துடுவோமா?”

நான் சொன்னேன்: “அது தண்ணி மாதிரி ஓடும் அத்தான். பாரம் சுமக்குற வண்டி இது. கெட்டியா இருந்தா நல்லதுதானே?”

(என் உரைநடையைப் படித்தவர்களுக்குத் தெரியும், கெட்டியே உயர்வு என்பது என் கொள்கை.)

முதல் பிரதியில் பழியைக் கடைக்காரர் மேல் போட்டு, அவருக்கு ஒரு வஞ்சக மீசையும் வைத்தேன். பாவம், அவர் அப்போது தன் மாமியாரிடம் போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

4.
“நான்தான் எடுத்தேன்” என்றார் அத்தான், டாக்டரிடம்.

உடனே நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்து

(திறக்கவில்லை. அதனால் வாக்கியமும் முடியவில்லை.)

“படிக்கத் தெரிஞ்ச மனுஷன்தானே நீங்க?” என்றாள் அக்கா. அத்தானின் காதுகள் சிவந்தன.

டாக்டர் சமாதானம் செய்தார். “விடும்மா, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. முதல் நம்பர் குளிருக்கு, ரெண்டாவது சூட்டுக்கு. புக்குல இருக்கிற நம்பரும் தரக்குறியும் கேனுக்குப் பின்னாடி இருக்கணும். அது போதும்.”

அக்கா புத்தகத்தை ஒரு கையிலும் கேனை மறு கையிலும் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, தானே தேர்ந்தெடுத்தாள். மறுநாள் காலை வண்டி முனகக்கூட இல்லை. நாற்பது கண்ணாடியும் கீறலின்றி மலையேறின.

அத்தானுக்கு மட்டும் தண்டனை: பானெட்டைத் தொடக் கூடாது. விடுமுறை நாளில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருப்பார், பாவம்; அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. இப்போது மூடிய வண்டியைக் கைகட்டிச் சுற்றி வருகிறார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

5.
முடிவு ஒன்று: அக்கா படித்துவிட்டுச் சிரிக்கிறாள். முடிவு இரண்டு: சிரிக்கவில்லை. (இதுதான் நம்பும்படி இருக்கிறது.)

அத்தானிடம் காட்டினேன். “மூணாம் பகுதியை எடுத்துடு மச்சான். ஒரே வீட்டுல ரெண்டு பேர் எதுக்குத் திட்டு வாங்கணும்?” என்றார். தாள்களைத் திருப்பித் தந்து, “பானெட்டை மட்டும் திறக்க விடச் சொல்லேன்” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு எழுத ஓடவில்லை. வாசலில் அக்கா கயிற்றை இழுத்துக் கட்டும் சத்தம் நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றுகிறாள்.

வாசகரே, இந்தத் தாள்களைக் கொஞ்சம் பிடியுங்கள். மூன்றாம் பகுதி உள்ளே இருக்கட்டுமா, வேண்டாமா என்று நீங்களே முடிவுசெய்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். சீக்கிரம்.