முழுசாகத் திருகாத மூடி

...டாஷ்போர்டில் அந்த விளக்கு எப்போதுமே இருந்ததுதானோ, தான்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லையோ, இல்லை, இப்படி ஆரஞ்சு நிறத்தில் எரிகிற ஒன்றை யாரால் கவனிக்காமல் இருக்க முடியும், என்ன சின்னம் அது, குழாயா, பெட்டியா, வால் முளைத்த மீனா, உற்றுப் பார்த்தால் ரோடு தெரியாது, ரோட்டைப் பார்த்தால் கண்ணோரத்தில் அது எரிந்துகொண்டே இருக்கிறது, யாரோ முறைக்கிற மாதிரி... அவள் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். லேபில் நாள் முழுக்க ஊசி குத்துகிற கை இது. நரம்பே தெரியாத கிழவரானாலும் சரி, கத்திக் கூப்பாடு போடுகிற குழந்தையானாலும் சரி, ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடும், வலிக்கவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு எழுந்து போவார்கள், அந்தக் கைக்கு இப்போது ஒரு ஸ்டீயரிங் அடங்கமாட்டேன் என்கிறது. பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்துகிறான், போய்த் தொலையேன்டா, முந்திக்கொண்டு போயேன், யார் பிடித்து வைத்திருக்கிறார்கள். என்ன வாசனை இது, பெட்ரோலா, தீய்ந்த வாசனையா, இல்லை, முன்னால் போகிற லாரியின் புகையா... என்ஜின் வெடிக்குமா, வெடிக்கும் முன்னால் ஏதாவது சத்தம் வருமா, பிரேக் பிடிக்குமா, இப்போது மிதித்துப் பார்க்கலாமா, மிதித்துப் பிடிக்காவிட்டால்? சனிக்கிழமை மத்தியானம், நீச்சல் வகுப்பு முடிந்திருக்கும், மகள் குருவி ஈரத்தலையோடு வாசலில் நிற்பாள், எல்லாக் குழந்தைகளும் போன பிறகு அவள் மட்டும் நிற்பாள்... நல்லவேளை, அவள் வண்டியில் இல்லை. இந்த ஒன்றாவது நல்லது.

அன்றைக்கு இருந்தாள். பின்சீட்டில் எதையோ தின்றுகொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு. கணவர் ஓட்டிக்கொண்டிருந்தார், மருந்து கம்பெனியின் மாத்திரைப் பெட்டியோடு ஊர் ஊராக டாக்டர்களைப் பார்க்கப் போய் வந்து, வாழ்க்கையில் பாதியை ஸ்டீயரிங் பின்னாலேயே கழித்த மனிதர், தூக்கத்தில் எழுப்பி உட்காரவைத்தாலும் ஓட்டுவார். “நாளைக்குக் காலையில நான்...” என்றார். அதற்கப்புறம் சொல்லவில்லை. என்ன, நாளைக்குக் காலையில் என்ன என்று திரும்பினால், கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது, கண் மேலே செருகியிருக்கிறது, கால் மட்டும் ஆக்சிலேட்டரில் கட்டையாக... வீடு கட்டுகிறவர்கள் ரோட்டோரம் கொட்டிவைத்த மணல் குவியல் மட்டும் இல்லாவிட்டால். இல்லாவிட்டால் என்ற இடத்தில் அவள் மனசு ஒவ்வொரு முறையும் நின்றுவிடும், அதைத் தாண்டிப் போகாது. வலிப்பு என்றார் நரம்பு டாக்டர். மாத்திரை எழுதினார், தூக்கம் கெடக்கூடாது என்றார், கடைசியில், நான் சொல்ற வரைக்கும் வண்டியைத் தொடவே கூடாது சார் என்றார். அவர் தலையாட்டினார். குருவியின் தலையில் கை வைத்து, தொடமாட்டேன் என்றார். அதனால்தான் அவள் இந்த வயசில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், தன்னைவிடச் சின்னவர்களோடு வரிசையில் நின்று, ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று கம்பத்தில் இடித்து, இதைக் கற்றுக்கொண்டாள். சாவியை ஒளித்துவைக்கவில்லை. வாக்குக் கொடுத்த மனுஷனிடம் சாவியை ஒளித்தால் அது என்ன மரியாதை? கதவுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கும். அவள் லேபுக்குப் பஸ்ஸில்தான் போவாள், வண்டி வாரம் பூராவும் வீட்டில் சும்மா நிற்கும், சனிக்கிழமை மட்டும் இந்த நீச்சல் வகுப்பு...

பூட்டிக் கிடந்த ஒரு நாற்காலிக் கடை வாசலில் ஓரங்கட்டினாள். என்ஜினை அணைத்ததும் அந்த நிசப்தம்கூடப் பயமாக இருந்தது. இறங்கிக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள், வெடித்தால் வெடிக்கட்டும் என்கிற மாதிரி, எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் போதும் என்று தெரியாமல். போன் போட்டதும் எடுத்துவிட்டார்.

“என்னங்க, வண்டியில ஒரு லைட்டு எரியுது.”

“எந்த லைட்டு? பதறாம சொல்லு.”

“எனக்கென்ன தெரியும், மீன் மாதிரி இருக்கு.”

“மீனா? அது என்ஜின்மா. என்ன கலர்?”

“ஆரஞ்சு.”

“மினுக்குதா, சும்மா எரியுதா?”

“சும்மாதான் எரிஞ்சுது. எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க. ஓரமா நிறுத்திட்டு இறங்கி நிக்கறேன். புள்ள வேற அங்க தனியா நிப்பா.”

அந்தப் பக்கம் பதில் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் பேசவில்லை. ஐயோ, இப்போதா, வீட்டில் யாருமில்லாதபோதா, கீழே விழுந்துவிட்டாரா, தலை எதிலாவது... “ஹலோ? என்னங்க? இருக்கீங்களா? என்னங்க!”

“இருக்கேன், இருக்கேன். பின்னாடி போய் பெட்ரோல் டாங்க் மூடியைப் பாரு. சரியா மூடியிருக்கான்னு.”

மூடிக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, போனாள், சின்னக் கதவைத் திறந்தாள், கறுப்பு மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல் விழப்போகிற குழந்தையின் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. “லொடலொடன்னு இருக்குங்க.” “திருகு. டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் திருகு.” திருகினாள். டக். இன்னொரு டக். “அவ்வளவுதான். ஒண்ணுமே இல்ல. பெட்ரோல் ஆவி கசிஞ்சா அது எரியும். உடனே அணையாது, கொஞ்ச தூரம் ஓடினப்புறம்தான் அணையும், நீ அதைப் பார்க்காத, ரோட்டைப் பாரு.” ஒன்றுமே இல்லை. ஒரு மூடி! ஊறுகாய் பாட்டிலை மூடுகிற மாதிரி ஒரு மூடிக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், நடு வெயிலில் நின்று தனியாகச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், பார்க்கட்டும். இவருக்குத்தான் எல்லாம் தெரிகிறது, வீட்டில் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிட்டார் பார், சோதிடம் மாதிரி. இந்த மனுஷனைப் போய் மூலையில் உட்காரவைத்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

முள் ஏறியது. அவள் அந்த ஆரஞ்சு மீனைத்தான் பார்க்க வந்தாள், அது அப்படியே எரிந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் பெட்ரோல் முள், கீழேயிருந்து மெதுவாக எழுந்து, பாதியைத் தாண்டி, அதற்கும் மேலே போய், நிறைந்த டாங்க் என்று நின்றது. இல்லையே. போன வாரம் பாதிக்கும் கீழே இருந்தது, அடுத்த வாரம் போட வேண்டும் என்று நினைத்தாளே, பெட்ரோல் பங்க்கில் நிறுத்த வளைக்கத் தெரியாதே என்று அதற்கும் பயந்தாளே. அவள் போடவில்லை. அவள் போடவில்லை என்றால்? முள் கோளாறா? விளக்கு எரிந்தால் முள்ளும் தப்பாகக் காட்டுமோ? காட்டாது என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்பதைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு நாற்காலிக் கடையின் பூட்டைப் பார்த்தாள். டாங்க் பாதியாகிவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, வழியில் நின்னுட்டா என்ன பண்றது என்பார், எத்தனை வருஷப் பழக்கம். ஏன் மூடியைப் பார்க்கச் சொன்னார்? ஊரில் ஆயிரம் கோளாறு இருக்க, நேராக அந்த மூடியை... வண்டியைப் பற்றித் தெரிந்தவர், தோன்றியிருக்கும். தோன்றுவதற்கு முன்னால் ஏன் அந்த மௌனம்?

அவள் வண்டியை எடுத்தாள், எடுக்காமல் என்ன செய்வது, குழந்தை நிற்கிறாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், அது வரவில்லை, வேறொன்று வந்தது, கழுத்தின் பின்னால் சில்லென்று. பெட்ரோல் போடுகிற பையனை விடமாட்டார், அவரே மூடியை டக் டக் டக் என்று திருகுவாரே, திருகியபின் ஒரு தட்டுத் தட்டுவாரே, அந்த மனுஷன் எப்படி அரைகுறையாக விட்டார்? யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அவசரமா? இல்லை, அந்த இடத்தில், மூடியைக் கையில் பிடித்தபடி, ஒரு நொடி... டாக்டர் சொன்னாரே, எல்லாத் தடவையும் கீழே விழுந்து இழுக்காதும்மா, சில தடவை சும்மா ஒரு நிமிஷம் ஆள் இருக்கமாட்டார், கண் திறந்திருக்கும், அவருக்கே தெரியாது என்று. அப்படி ஒரு நிமிஷம் அங்கே வந்திருந்தால்? அதே நிமிஷம் சற்றுப் பிந்தி, வண்டி ஓடும்போது வந்திருந்தால்? ரோட்டில் எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் அவள் பார்த்தாள், சைக்கிளில் ஒரு பெண், பை தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி, அவர்களுக்கு எதுவும் தெரியாது.

குருவி வாசலில்தான் நின்றிருந்தாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. “ஏம்மா லேட்டு?” என்றபடி ஓடிவந்து முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள், பழகின கை, தானாக.

“பின்னாடி போ. சின்னப் பிள்ளைங்க முன்னாடி உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

“அப்பா மட்டும்...” என்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் சத்தமில்லாமல் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டுக்குப் போனாள். என்றைக்கு, எத்தனை தடவை, எங்கே என்று கேட்காமல் கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குருவியே, “ஸ்கூல் வேன் போயிடுச்சும்மா, அன்னிக்குப் பரீட்சை” என்றாள், அதற்கப்புறம், “அப்பா நல்லாத்தான் ஓட்டினாரு, மெதுவாத்தான் ஓட்டினாரு,” கடைசியில் ரொம்பச் சின்னக் குரலில், “அப்பாவத் திட்டாதம்மா.” ஓயாமல் பேசுகிற பிள்ளை இதை எத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருந்தது? அந்த முன்சீட்டில் இவள் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அவர், பாதி வாக்கியத்தில்... இல்லை. அதற்குமேல் மனசு போகவில்லை, ஆனால் கால் மட்டும் பிரேக்குக்குப் போனது, காலி ரோட்டில், எதற்கென்று இல்லாமல்.

தெரு திரும்பும்போதே பார்த்துவிட்டாள், கேட்டுக்கு வெளியே நிற்கிறார், வீட்டுச் சட்டையோடு, செருப்புகூட இல்லாமல். குருவி இறங்கி அவரைப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். அவர் கண்ணாடிப் பக்கம் குனிந்து, “அணைஞ்சிடுச்சா?” என்றார். “இல்ல” என்றாள். பேச வேண்டிய எல்லாவற்றையும் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது போனில் கேட்ட மௌனம்தான் திரும்ப வந்தது, வலிப்போ என்று அவள் பதறிப்போன அந்த மௌனம்... மெக்கானிக்கைக் கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம், அங்கேயே நில்லு, யாரையாவது அனுப்பறேன் என்று சொல்லியிருக்கலாம், அவர் தப்பித்திருப்பார், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது, அவள் மட்டும் நடுரோட்டில் இன்னும் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நின்றிருப்பாள், அவ்வளவுதான். மூடியைப் பாரு என்று சொன்னால் தான் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் இங்கே வந்து நிற்கிறார். அந்த மனுஷன்தான் குருவியை முன்சீட்டில் உட்காரவைத்தும் ஓட்டியிருக்கிறார், இரண்டும் ஒரே ஆள்தான், இதில் எதை எடுத்துக்கொண்டு எதை விடுவது, எடுக்கவும் விடவும் முடிகிற விஷயமா இது... அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள், வந்ததிலிருந்து அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவளைவிடப் பயந்துபோய், அவள் வாயிலிருந்து முதல் வார்த்தை எது வரப்போகிறதென்று. அவளுக்கும் அது தெரியவில்லை.