ட்ரங்க் காலில் ஒரு தலையாட்டல்

1

இந்தக் கதை எனக்கு அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசினார் என்பதைவிடத் தலையாட்டினார் என்று சொல்வதுதான் சரி. மறுமுனையில் யாரோ எதையோ சொல்லச் சொல்ல இவர் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறார், வேண்டாம் என்று கையை வீசுகிறார், ஒரு தடவை அழகாகச் சிரிக்கவும் செய்தார். அவ்வளவும் எங்கே போயிற்று என்று யோசித்தேன். இந்த ஊரில் டெலிபோனைக் கையில் வாங்கி முதன்முதலில் தலையாட்டியது யாராக இருக்கும்? அதனால் அவர்களுக்கு ஏதாவது கைநழுவிப் போயிருக்குமா?

பஸ் லஸ் முனை திரும்புவதற்குள் அவளுக்கு ஆனி என்று பெயர் வைத்துவிட்டேன். நான் இறங்குவதற்குள் அவளுக்கு ஒரு மகனைக் கொடுத்து, அவனை பம்பாய்க்கும் அனுப்பியாயிற்று. எழுதுகிறவர்களுக்கு இதில் கூச்சமே கிடையாது. பிள்ளையைக் கொடுத்த கையோடு பிரித்தும் விடுவோம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "1946ஆம் வருஷம். சாந்தோமில் கடற்காற்று இதமாக வீசிக்கொண்"

[அடித்துவிட்டேன். சாந்தோம் என்று எழுதினாலே கை தானாகக் காற்றை வரவழைக்கிறது. ஆனி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அந்தக் காற்றை அவள் கவனித்தே பல வருஷம் ஆகியிருக்கும்.]

இரண்டாவது: "டெலிபோன் என்னும் விஞ்ஞான விந்தை சாமானியரின் வாழ்வில்"

[இது பள்ளிக்கூடக் கட்டுரை. ஆனியின் கணவர் காஸ்பர் வாத்தியார் வேண்டுமானால் இதற்கு மதிப்பெண் போடுவார்.]

மூன்றாவது: "கடிதமெல்லாம் காஸ்பர்தான் எழுதுவார்."

இது நிற்கட்டும்.

3

கடிதமெல்லாம் காஸ்பர்தான் எழுதுவார். ஆனி ஜெப புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், ஆனால் பேனாவைப் பிடித்தால் விரல் விறைத்துக்கொள்ளும். மகன் வில்லியம் யுத்தத்தின்போது கப்பற்படையின் சாமான் உக்கிராணத்தில் வேலைக்குச் சேர்ந்து பம்பாய் போனான். யுத்தம் முடிந்தும் திரும்பவில்லை, அங்கேயே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "உன் அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள்" என்று ஒரு வரி இருக்கும். ஆனி அப்படி எதுவும் சொல்லியிருக்கமாட்டாள். ஆனாலும் அது பொய்யில்லை என்பதால் அவளும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வருஷம் வில்லியம், ஜோன் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக எழுதினான். சைதாப்பேட்டையிலிருந்து பம்பாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். புருஷன் துறைமுக வெடிவிபத்தில் செத்துப்போனான். கையில் ஒரு பெண் குழந்தை. இப்போது வில்லியம் வேலை பார்க்கும் ஆபீசிலேயே டெலிபோன் பார்க்கிறாள்.

காஸ்பர் பதில் எழுதினார். எழுதியதை வழக்கம்போல ஆனிக்கு உரக்க வாசித்தும் காட்டினார். அவள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது நடக்கிற காரியமில்லை. உன் அம்மாவுக்கும் இதில் சம்மதமில்லை."

தனக்குச் சம்மதமில்லை என்பதை ஆனி அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

வில்லியத்தின் பதில் சுருக்கமாக வந்தது. அம்மா அதைத் தன் வாயால் சொல்லட்டும். கச்சேரி ரோட்டில் வஹீத் பாய் மருந்துக்கடை டெலிபோனுக்கு வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். அம்மாவை வரச்சொல்லுங்கள்.

அதையும் காஸ்பர் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்தார்.

"போய்ப் பேசு."

"நீங்க வரலியா?"

"அவன் என்னைக் கூப்பிடலை."

[காஸ்பரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவரும் கடைக்கு வந்து, குடையை ஊன்றிக்கொண்டு படியில் நிற்கிறார். அப்படி நின்றால் பின்னால் நடக்கப்போவதற்கு நீங்கள் அவர் ஒருவரையே பழிப்பீர்கள், டெலிபோன் தப்பித்துக்கொள்ளும். அதனால் அவரை வீட்டில் விட்டேன். ஆனாலும், மனைவியின் சம்மதத்தைத் தானே எழுதிப் பழகிய மனுஷர் வீட்டில் இருந்தால் என்ன, படியில் நின்றால் என்ன? எனக்கே தெளிவில்லை.]

4

அப்துல் வஹீத் கடையில் டெலிபோன் இருந்தது கல்லாவுக்குப் பக்கத்தில், தைல பாட்டில்களுக்கு நடுவே. அது மணியடித்தால் கடையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஆனி அந்தக் கடையில் வருஷக்கணக்காகக் காய்ச்சல் மருந்து வாங்குகிறவள்தான், ஆனால் எப்போதும் டெலிபோன் இல்லாத பக்கமாகவே நிற்பாள். வீட்டில் மின்சார விளக்கு போட்டபோதும் அப்படித்தான். வெகு நாள் வரைக்கும் சுவிட்சை அவள் மரக்கரண்டியால்தான் தள்ளினாள்.*

அந்த வாரம் முழுக்க அடுப்படியில் ஒத்திகை நடந்தது. "எனக்குச் சம்மதம் வில்லியம்." அம்மி அரைக்கும்போது ஒரு தடவை, பாத்திரம் விளக்கும்போது ஒரு தடவை. சம்மதம் என்பது அவள் புழங்குகிற வார்த்தை இல்லை, காஸ்பரின் கடிதத்திலிருந்து எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை வந்ததும் தலை குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டினாள். நாலு வருஷம் கழித்து மகன் பார்க்கும்போது அழுக்காகவா நிற்பது?

[பார்க்கும்போது என்றுதான் அவள் நினைத்தாள். நான் திருத்தவில்லை.]

மணி அடித்தது. வஹீத் எடுத்து, இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசி, கையசைத்தார்.

"பம்பாய்! வாங்கம்மா, வாங்க. இத்த காதாண்ட வெச்சிக்கோங்க. இந்தப் பக்கம் வாயாண்ட. இன்னாத்துக்கு பயம்? கடிக்காது."

ஆனி அதைக் காதில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளியே பிடித்தாள். உள்ளே மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். யாரோ ஒரு பெண் எதையோ சொன்னாள். அப்புறம்,

"அம்மா?"

வீட்டில் யாருக்கும் தெரியாமல் ரகசியம் சொல்வதற்கு அவன் சின்ன வயதில் இந்தக் காதைத்தான் தேடி வருவான். ஒத்திகை பார்த்த வார்த்தை எல்லாம் ஆனிக்கு மறந்துபோயிற்று.

"கேக்குதாம்மா... அப்பா எழுதினாரு... உனக்கு நிஜமாவே... உன் வாயால சொல்லு, சம்மதமா..."

ஆனி தலையாட்டினாள். நன்றாக, பலமாக, கண்ணில் நீர் தளும்ப ஆட்டினாள். திருவிழாக் கூட்டத்தில் தூரத்தில் நிற்கிற பிள்ளைக்கு 'நான் இங்கேதான் இருக்கிறேன், பயப்படாதே' என்று காட்டுவதுபோல.

"அம்மா? இருக்கியா?"

மறுபடியும் ஆட்டினாள். சிரித்தாள்.

"ஒண்ணுமே சொல்லமாட்டேங்கிறியே... சரிம்மா... விட்டுடறேன்."

இரைச்சல் நின்றது. ஆனி அதை இரண்டு கையாலும் ஏந்தி வஹீத்திடம் திருப்பிக் கொடுத்தாள்.

* அந்த வருஷம் மயிலாப்பூர்ப் பக்கம் டெலிபோன் இணைப்பை ஆட்கள் கொடுத்தார்களா, எந்திரம் கொடுத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. வெளியூருக்குப் பேச நடுவில் ஓர் ஆள் வேண்டும், இந்தக் கதைக்கு அது போதும். மரக்கரண்டி விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள், வங்கி மெஷினின் முன் கார்டை எந்தப் பக்கம் செருகுவது என்று தாங்கள் தடுமாறிய நாளையும் நினைத்துக்கொள்ளவும்.

5

இங்கேயே முடித்துவிட எனக்கு ஆசைதான். தலையாட்டினாள், அது போய்ச் சேரவில்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது. நாலு பேர் கூடிய இடத்தில் வாசித்தால் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டுக் கைதட்டுவார்கள். ஆனால் ஆனி கடை பெஞ்சில் முகம் மலர உட்கார்ந்திருக்கிறாள். அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு நான் எழுந்து போக முடியாது.

ஒரு பிரதியில் வஹீத், நமக்கெதற்கு என்று சும்மா இருந்துவிடுகிறார். அதைக் கிழித்துப்போட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"அம்மா, தம்பிகிட்ட இன்னா சொன்னீங்க?"

"சம்மதம்னு சொல்லிட்டேன் பாய்."

"எப்போ? நான் இங்கதானே நின்னுக்கினு இருந்தேன். உங்க சத்தமே வரலியே."

"தலையாட்டினேனே!"

வஹீத் கையிலிருந்த பாட்டிலை மூடிக் கீழே வைத்தார்.

"தலையாட்டினா பம்பாய்ல தெரியாதும்மா. அதுல குரல் மட்டும்தான் போவும்."

"அவன் சரின்னானே பாய். சரிம்மா, விட்டுடறேன்னு சொல்லித்தான் வெச்சான்."

"எத்த வுட்டுடறேன்னாரு?"

"டெலிபோனைத்தா..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவள் முகத்தை விவரித்து நான் எழுதிய வரிகள் எதுவும் சரியாக வரவில்லை. வஹீத் பார்க்கச் சகியாமல் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த பாட்டில்களை மறுபடி அடுக்கினார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

6

அன்றைக்கே திரும்பக் கூப்பிட முடியவில்லை. பம்பாயில் ஆபீஸ் மூடியிருக்கும், இனித் திங்கட்கிழமைதான் என்றார் வஹீத். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆனி மண்டியிட்டபடி அதே வார்த்தையை முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள். காஸ்பர் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

திங்கட்கிழமை அவர் டியூஷன் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியதும் ஆனி கடைக்கு வந்துவிட்டாள். வீட்டுப் புடவையிலேயே வந்தாள். டெலிபோனுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தாள். வஹீத், வில்லியத்தின் கடிதத் தலைப்பில் இருந்த கம்பெனி நம்பரைச் சொல்லி ட்ரங்க் கால் பதிவு செய்தார். மத்தியானம் போய், வெயில் தாழ்ந்து, கடைக்குச் சாயங்காலக் கூட்டம் வரத்தொடங்கியபோது மணி அடித்தது.

ஆனி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அது அவளே கண்டுபிடித்த உபாயம். எதிரே யாரும் இல்லை என்பதைக் கண்ணுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பெண்குரல் இங்கிலீஷில் கம்பெனிப் பெயரைச் சொன்னது.

"வில்லியம் இருக்கானா?" ஆனி கத்தினாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் அவன் அம்மா! மெட்ராஸ்லேருந்து!"

பிறகு அதே குரல், ஆபீஸ் பாவனையெல்லாம் கழன்றுபோய்த் தமிழில் வந்தது.

"அவரு துறைமுகத்துக்குப் போயிருக்காரும்மா."

"நீ யாரு?"

"...ஜோன்."

[ஜோன் எடுப்பாள் என்று நான் திட்டமிடவில்லை. அந்த ஆபீசில் டெலிபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவள்தானே என்பது இந்த வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.]

வெறும் இரைச்சல். ஆனி காத்திருந்தாள். இருக்கிறாளா, அழுகிறாளா, வைத்துவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை வில்லியத்துக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"அன்னிக்கு நான் பேசாமலே இருந்துட்டேன். எனக்கு இதுல பேசத் தெரியாது. வேணாம்னு இல்ல."

"நீங்க வேணாம்னுட்டீங்கன்னு... அவரு ரெண்டு நாளா..."

"வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லியிருப்பேனே. அது எனக்கு நல்லா வரும். பொண்ணு பேர் என்ன?"

"ரோசலின்."

"ஒழுங்காச் சாப்பிடறாளா?"

"சோறுன்னா ஓடுவா. ரொட்டிதான்."

"இங்க வரட்டும், நான் பாத்துக்கறேன். இதோ பாரு, எனக்குச் சம்மதம். கேட்டுச்சா? சம்மதம். அவன்கிட்ட நீயே சொல்லிடு. மூணு பேரும் கிளம்பி வா"

இணைப்பு அறுந்துவிட்டது. ஆனி கண்ணைத் திறந்தாள். கடையில் தைலம் வாங்க வந்தவர், எதற்கு என்று தெரியாமலே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

7

அவர்கள் வந்தார்கள். அதில் உங்களைத் தவிக்கவிடப் போவதில்லை. மழைக்காலம் முடிந்து மூன்று பேரும் சென்ட்ரலில் இறங்கினார்கள், கல்யாணமும் நடந்தது, ரோசலின் சோறு சாப்பிடத் தொடங்க ரொம்ப நாள் பிடித்தது. எனக்கு முடிக்கத் தெரியாதது அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலத்தை.

காஸ்பர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனி எதிரே வந்து நின்றாள்.

"பம்பாய்க்குப் பேசிட்டு வந்தேன். அந்தப் பொண்ணுதான் எடுத்துச்சு. எனக்குச் சம்மதம்னு சொல்லிட்டேன்."

[காஸ்பர் எழுந்து கத்துகிறார் என்று எழுதினேன், அடித்தேன். ஒன்றும் பேசாமல் கோயிலுக்குப் போகிறார் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். பேனாவை எடுத்து "உன் அம்மா சம்மதம் சொல்கிறாள்" என்று மகனுக்கு எழுதுகிறார்: இது அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வேலையை ஆனி ஏற்கெனவே முடித்துவிட்டாள்.]

காஸ்பர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கேட்டபோது குரல் வாத்தியார் குரலாக இல்லை.

"சனிக்கிழமை அவன் பேசினான் இல்ல... குரல் எப்படி இருந்துச்சு, ஆனி?"

நாலு வருஷமாக அவர் மகனிடமிருந்து வந்த எழுத்தையெல்லாம் வாசித்துவிட்டார். குரலை மட்டும் கேட்டதில்லை.

ஆனி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. தடித்துவிட்டது என்று எழுதினேன், அப்படியே இருக்கிறது என்று எழுதினேன், உங்க குரல் மாதிரியே என்று எழுதினேன். மூன்றுமே ஒரு குரலைச் சொல்லப் போதவில்லை. உங்களுக்கும் ஒரு குரல் இருக்கும், கேட்டு வெகுநாள் ஆனது. அது எப்படி இருக்கும் என்று காஸ்பரிடம் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.