புதுச் செருப்பு

"தூக்குன கால சாமி எப்பதான் கீழ வெக்கும்?"

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு வரிசையாக அழைத்துப் போயிருந்தபோது தமிழினி கேட்ட கேள்வி இது. டீச்சர் உதட்டில் விரலை வைத்து அதட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஸ்ரீமதிதான் அவள் காதுக்குள் சொன்னாள்: "நம்ம எல்லாரும் போனப்புறம் வெக்கும். யாரும் பாக்காதப்ப."

தமிழினி அதை அப்படியே நம்பினாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்ன ஸ்ரீமதிகூடப் பாதி நம்பினாள்.

பதினேழு வருடம் ஓடிவிட்டது. தமிழினியின் குடும்பம் இடையில் கடலூர் புதுப்பாளையத்துக்குக் குடிபோனது. ஆனாலும் இருவரும் ஒரே கல்லூரியில் படித்தார்கள். ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் கடிதம் வந்தது. மார்க்கில் ஸ்ரீமதிக்குப் பதினொன்று கூடுதல். அந்த மாதமே ஸ்ரீமதியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. தமிழினி விமானம் ஏறினாள். ஸ்ரீமதி தினமும் காலையில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறினாள், மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு. அங்கே அவள் வேலை, ஊரார் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. தமிழினியின் விசாவுக்கும் அங்கேதான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அவளுடைய சொந்த பாஸ்போர்ட் வீட்டு பீரோவில், ஒரு முத்திரைகூட விழாமல், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

மார்கழி பிறந்ததும் அங்கே பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை விட்டார்கள். தமிழினி பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினாள். முதலில் பிராக். ஒரு பழைய பாலத்தின் மேல், மூக்கு சிவந்துபோய் நின்றாள். அடுத்து வியன்னா. கையில் ஒரு துண்டு சாக்லேட் கேக், பின்னால் ஆயிரம் விளக்கு. எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது.

"இன்னிக்கி உன் கூட்டாளி எந்த ஊர்ல கீறா?" என்று சென்டர் முதலாளி கொளஞ்சியப்பன் தினமும் கேட்பார்.

"தெரிலண்ணே. நான் பாக்கல."

பார்க்காமல் என்ன? ஒவ்வொன்றையும் நான்கு தடவை பார்த்தாள். நான்காவது தடவை படத்தைப் பெரிதாக்கி, கோட்டு புதிதா, சிரிப்பு நிஜமா என்றுகூடப் பார்த்தாள். சிரிப்பு நிஜம்தான். அதுதான் தாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டு அனுப்புற. நீ பண்ருட்டிய தாண்டி எங்கனா போயிருக்கியாம்மா?" கொளஞ்சியப்பன் சிரிப்புக்குத்தான் கேட்டார். ஸ்ரீமதியும் சிரித்தாள். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

திருவாதிரைத் தேரன்று கீழவீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தாள். தேர் அசைந்து வருகிறது. எல்லாரும் கை கூப்புகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கையிலிருந்த போன் அதிர்ந்தது. புடாபெஸ்ட். ஆற்றங்கரையில் தமிழினி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்ரீமதி தேரை நிமிர்ந்து பார்த்தாள். சாமியிடம் எத்தனையோ கேட்கலாம். அப்பாவுக்குக் கை வரவேண்டும் என்று கேட்டிருக்கலாம். அவள் மனசு கேட்டது வேறு: 'ஒரே ஒரு நாள் அவளும் அழுவட்டும்.'

கேட்ட பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து செய்தி வந்தது. 'ஸ்ரீ, நான் தமிழினி. விடியக்காலம் பஸ் புடிக்கப் போறப்ப டிராம்ல பைய விட்டுட்டேன். பாஸ்போர்ட், போன், எல்லாம் அதுலதான். போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன். உன் சென்டர் கம்ப்யூட்டர்ல என் பாஸ்போர்ட் காப்பி இருக்கும்ல? இந்த நம்பருக்கு அனுப்புடி. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது ரெண்டு நம்பர்தான். அம்மாது, உன்னுது.'

உள்ளதைச் சொல்ல வேண்டும். படித்ததும் ஸ்ரீமதிக்கு முதலில் வந்தது பதற்றம் அல்ல. வெயிலில் நடந்து வந்தவளுக்கு ஒரு வாய் மோர் கிடைத்ததுபோல நெஞ்சில் ஒரு குளுமை இறங்கியது. போனைக் கவிழ்த்து வைத்தாள். கோப்பு அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில்தான் இருந்தது. தேட அரை நிமிடம் போதும். முதலில் லால்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு விண்ணப்பம் போட்டாள். பிறகு ஒருவருக்கு ஆதார் திருத்தம். பிறகு டீ. 'கொஞ்ச நேரம் உக்காரட்டுமே, என்ன இப்போ?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தில்லையம்மாள் படியேறி வந்தார். தமிழினியின் அம்மா.

"ஸ்ரீ, பாப்பாவுக்கு என்னாச்சின்னு பாத்தியா? ஏதோ காப்பி கேட்டாளாமே. உனக்கு வந்துச்சா?"

"இப்பதான் அத்த பாத்தேன். தோ, அனுப்பிட்டேன்." சொல்லிக்கொண்டேதான் அனுப்பினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நீ இருக்கங்காட்டிதான் எனக்கு உசுரு நிக்குது. அப்புடியே அவ போட்டோ ஒண்ணு எடுத்துக் குடு. சுத்திப் போடணும். ஒத்தையில என்னால ஆவாது, கூட வா."

விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு புதுப்பாளையம் போனாள். தில்லையம்மாள் வழியிலேயே முச்சந்தி மண் ஒரு பிடி எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒரு தட்டின் நடுவே போட்டோவைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, தட்டை ஸ்ரீமதி கையில் கொடுத்தார்.

"கெழக்கப் பாத்து நில்லு. நீதான் இப்ப அவ."

உப்பு, மிளகாய், கடுகு, மண் எல்லாவற்றையும் கைக்குள் மூடிச் சுற்றத் தொடங்கினார். "ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, போறவன் கண்ணு, வாறவன் கண்ணு, கூடப் படிச்ச கண்ணு, எல்லாக் கண்ணும் எரிஞ்சி போவட்டும்."

தட்டு ஆடியது. "ஆட்டாதடி, போட்டோ உழுந்துடப் போவுது," என்றார்.

கொல்லையில் எரிந்துகொண்டிருந்த தேங்காய் ஓட்டில் அதையெல்லாம் கொட்டினார். மிளகாய் வெடித்தது. நெடியே வரவில்லை.

"பாத்தியா! ஒரு தும்மல் வருதா? எவ்ளோ பெரிய கண்ணு பட்டிருக்கு என் புள்ள மேல! எவ வயித்தெரிச்சலோ."

ஸ்ரீமதிக்குக் கண் கரித்தது. நெடியால் அல்ல. தில்லையம்மாள் அதைப் பார்த்துவிட்டு அவள் தலையைத் தடவினார்.

"அழுவாத. உன் மனசு எனக்குத் தெரியாதா? அவளும் உன் மேல அப்புடித்தான். பன்னெண்டாவது முடிச்சப்போ உனக்கு டெங்கு வந்து படுத்துக் கெடந்தியே, அப்ப அவ அடிப்பிரதட்சணம் வேண்டிக்கிட்டா. சித்திர வெயிலு. கல்லு தோசக்கல்லாட்டம் கொதிக்குது. நம்ம நடராசர் கோயில் வெளிப் பிரகாரம் பூரா அடி மேல அடி வெச்சி வந்தா. பாதமெல்லாம் கொப்புளம். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இன்னிக்கி வாய் தவறி வந்துடுச்சி. அவகிட்ட கேட்டுப்புடாத."

ஸ்ரீமதிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள், பார்க்க வந்த தமிழினி விந்தி விந்தி நடந்தாள். கேட்டதற்கு, "புதுச் செருப்பு கடிச்சிடுச்சிடி," என்றாள். ஸ்ரீமதி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வாரம் அவளை 'நொண்டி' என்றே கூப்பிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது செய்தி வந்தது. யாரோ ஒரு கிழவி டிராமில் கிடந்த பையை எடுத்துக் காலையிலேயே போலீசில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், பெயர்கூடச் சொல்லாமல். அடையாளம் காட்ட ஒரு காகிதமும் இல்லாததால் தமிழினியிடம் பையைத் தரவில்லை. காப்பி வந்ததும் கொடுத்துவிட்டார்கள். 'அதுக்குள்ள என் பஸ் போயிடுச்சி, பரவால்ல. நீ பாத்த உடனே அனுப்பிட்டியாம், அம்மா சொன்னாங்க. தேங்க்ஸ்டி.'

'உடனே' என்ற சொல் பரங்கிப்பேட்டை முக்கு தாண்டும்வரை அவளைக் குத்திக்கொண்டே வந்தது.

பை கிடைத்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. அடுத்த நாளே கடைசி ஊர்ப் படம் வந்தது: பனி கொட்டுகிறது, தமிழினி நாக்கை நீட்டிப் பனியை ருசி பார்க்கிறாள். ஸ்ரீமதிக்கு நெஞ்சில் அதே முள். ஆனால் இந்தத் தடவை முள்ளோடு சேர்த்துக் கொப்புளம் வெடித்த இரண்டு பாதங்களும் நினைவுக்கு வந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மாவிடம், "கோயிலுக்குப் போயிட்டு வரேன்," என்று மட்டும் சொல்லிக் கிளம்பினாள். திருவிழாக் கூட்டம் வடிந்துபோயிருந்தது. வெளிப் பிரகாரத்தில் புறாக்கள்தான் நடந்துகொண்டிருந்தன. குதிகாலை அடுத்த காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்தாள். பிறகு மறுகால். பெயரும் நட்சத்திரமும் மனசுக்குள் சொன்னாள். அவளுடையது அல்ல, தமிழினியுடையது.

நடக்க நடக்கப் பொறாமையும் கூடவே வந்தது. அவள் அதை விரட்டவில்லை. அது பாட்டுக்கு வரட்டும், கால் பாட்டுக்கு நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தெற்குப் பக்கம் திரும்பும்போது ஒன்று உறைத்தது. கல் குளிர்ந்து கிடக்கிறது. இது மார்கழி. தமிழினி சுற்றியது சித்திரை வெயிலில். ஒரு சுற்று அதற்கு ஈடாகாது. முதல் சுற்று முடிந்த இடத்தில் நிற்காமல் இரண்டாவதைத் தொடங்கினாள். அதற்குள் வெயில் ஏறியிருந்தது. முடித்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபோது இரண்டு பாதமும் எரிந்தன. விந்தாமல் நடக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள். சன்னதிக்கு எதிரே கீழவீதிச் செருப்புக் கடையில் ஏறினாள். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து வளைத்துக் காட்டினார்.

"இது எடுத்துக்கம்மா. மெத்து மெத்துன்னு இருக்கும். கடிக்கவே கடிக்காது."

"வேணாண்ணே," என்றாள் ஸ்ரீமதி. "கொஞ்சம் கடிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க."